தேடும் எந்திரங்கள் – 11: சமிக்ஞை எட்டாத இடங்கள்

1971 டிசம்பர் 2 அன்று சோவியத் ஒன்றியத்தின் மார்ஸ்-3 கலம் செவ்வாயின் தரையில் இறங்கியது. ஏறக்குறைய 20 விநாடி நேரம் சமிக்ஞை வந்தது, அதோடு நின்றுபோயிற்று. அந்தக் கலத்துக்குள் நாலரைக் கிலோ எடையில் ஒரு சிறு நடைவண்டி இருந்தது. ப்ராப்-எம் என்று பெயர். சக்கரம் கிடையாது. பனிச்சறுக்குப் பலகைபோன்ற இரண்டு பாதங்களை மாறிமாறி எடுத்துவைத்து நகரும்படி செய்திருந்தார்கள். 15 மீட்டர் நீள வடம் அதைத் தாய்க்கலத்தோடு பிணைத்திருந்தது. முன்பக்கம் இரண்டு மெல்லிய தண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் கல் தட்டினால் வண்டி யாரையும் கேட்காமல் பின்வாங்கி, சற்றே திரும்பி, மறுபடி முன்னேற வேண்டும். அது நடக்கும் வாய்ப்பே வரவில்லை. ஆனாலும் அதை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது. அதற்கு ஓராண்டு முன்புதான் இதே நாடு நிலவில் லூனாகோத்-1 வண்டியை ஓட்டியிருந்தது. 1970 நவம்பர் 17 அன்று இறங்கிய அந்த எட்டுச் சக்கர வண்டியை, கிரிமியாவின் சிம்ஃபெரபோல் அருகே ஒரு நிலையத்தில் ஐவர் குழு உட்கார்ந்து, நிலவிலிருந்து விட்டுவிட்டு வந்த படங்களைப் பார்த்து ஓட்டியது. பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய அந்த வண்டிக்குத் தன் வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. இரண்டின் நடைப்பொறியையும் வடிவமைத்தது லெனின்கிராட்டில் அலெக்சாந்தர் கெமுர்ஜியான் தலைமையில் இயங்கிய ஒரே குழு. நிலவுக்குக் கட்டளை போய் மறுமொழி வர ஏறக்குறைய இரண்டரை விநாடி ஆகும். செவ்வாய்க்கோ, கோள்கள் இருக்கும் நிலையைப் பொறுத்து, 6 முதல் 44 நிமிடம்வரை ஆகும். ஒரே குழுவினர் ஒரு வண்டிக்கு ஓட்டுநரைக் கொடுத்தார்கள். இன்னொன்றுக்குத் தானே ஒதுங்கிப் போகும் அறிவைக் கொடுத்தார்கள்.

தானே முடிவெடுக்கும் ரோபோக்களின் கதையைக் கணினி வளர்ந்த கதையாகவே பெரும்பாலும் சொல்லிவருகிறார்கள். செயலி வேகமானது, நினைவகம் பெருகியது, ஆகவே எந்திரத்துக்குப் பொறுப்பு கூடியது என்று. சான்றுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. மனிதர் தம் கையிலிருந்த அதிகாரத்தை விட்டுக்கொடுத்த ஒவ்வொரு முறையும் அதற்குப் பின்னால் ஒரு தொடர்புத் தடை இருக்கிறது: தூரம், தண்ணீர், பனி, அல்லது போதாத நேரம். அதிலும் விட்டுக்கொடுக்க இரண்டு அதிகாரங்கள் இருந்தன. எந்த வழியாகப் போவது என்பது ஒன்று. எதைப் பார்ப்பது, எதன்மேல் நேரத்தைச் செலவிடுவது என்பது மற்றது. முதலாவதைக் கைமாற்ற அறிவியலாளர்கள் பெரிதாகத் தயங்கவில்லை. இரண்டாவதை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கண்டுபிடிப்பில் எந்திரம் பங்காளியானது இரண்டாவது கைமாறிய பிறகுதான். அந்தக் கைமாற்றமும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த செவ்வாயில் முதலில் நடக்கவில்லை. அண்டார்க்டிகப் பனிப்பரப்பிலும் கடலடியிலும் நடந்தது. இதைத்தான் இந்தப் பகுதியில் நிறுவ முயல்கிறேன்.

வழி தேர்வதன் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் சர்ச்சை குறைவு. 1960-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ஜேம்ஸ் ஆடம்ஸ், நிலவு வண்டியைப் பூமியிலிருந்து ஓட்ட முடியுமா என்று பார்க்க ஒரு சிறு வண்டி கட்டினார். கேமராவுக்கும் ஓட்டுநருக்கும் இடையே இரண்டரை விநாடித் தாமதத்தைச் செயற்கையாக நுழைத்தபோது, மணிக்கு 0.3 கிலோமீட்டரைத் தாண்டினாலே வண்டியை நம்பிச் செலுத்த முடியவில்லை. அதே வண்டியின் பிந்தைய வடிவத்தை ஹான்ஸ் மொராவெக் 1979-இல் ஆளில்லாமல் ஓடவைத்தார். நாற்காலிகள் போட்டிருந்த 20 மீட்டர் அறையைக் கடக்க அதற்கு ஐந்து மணி நேரம் பிடித்தது. ஒரு மீட்டர் நகரும், பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நின்று கணக்குப் போடும். 1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டரோடு செவ்வாயில் இறங்கிய சோஜர்னர், பத்தரைக் கிலோ வண்டி, லேசர் கோடுகளைத் தரையில் வீசி அவை வளையும் விதத்தைக் கொண்டு கல்லையும் பள்ளத்தையும் உணர்ந்து விலகியது. விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகம். மொத்தம் ஓடியது 100 மீட்டர் அளவே. அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்னக்கிள் பில், யோகி என்று பாறைகளுக்குப் பெயர் வைத்ததும், எந்தப் பாறையின் மேல் ஆய்வுக்கருவியை வைப்பது என்று தீர்மானித்ததும் பூமியிலிருந்த குழு. 2004-இல் போய்ச்சேர்ந்த ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி வண்டிகளிலும் பல ஆண்டுகள் இதே ஏற்பாடுதான். பின்னாளில் பெர்சிவரன்ஸ் தன் முதல் செவ்வாய் ஆண்டில் ஓடிய 17.7 கிலோமீட்டரில் ஏறக்குறைய 88 விழுக்காட்டைத் தானே வழி பார்த்து ஓடியது. வழி விஷயத்தில் வாதம் முடிந்துவிட்டது.

தொடர்புத் தடைதான் அதிகாரத்தைப் பங்கிடுகிறது என்பதற்கு நம் அருகிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3 திட்டத்தில், 2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் கலம் நிலவில் இறங்கிய கடைசி நிமிடங்களில் பெங்களூரிலிருந்து யாரும் அதை ஓட்டவில்லை. வேகத்தைக் குறைப்பதும் இறங்கத்தக்க இடத்தைப் பார்ப்பதும் கலத்தின் பொறுப்பு. தரையில் இறங்கிய பிறகு கதை மாறியது. ஆகஸ்ட் 27 அன்று பிரக்யான் வண்டிக்கு மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று தெரிந்தபோது, திரும்பி வரச் சொல்லும் கட்டளை பூமியிலிருந்து போனது. ஒரே திட்டம், ஒரே பொறியாளர் குழு. இறங்கும்போது இரண்டரை விநாடி என்பது கலத்தை இழக்கப் போதுமான நேரம். மெதுவாக ஊரும் வண்டிக்கு அது ஒரு பொருட்டில்லை. ஆகவே முன்னதில் எந்திரம் முடிவெடுத்தது, பின்னதில் மனிதர் எடுத்தார்கள். கணினியின் திறன் இங்கே எல்லையை வகுக்கவில்லை.

இனி, எதைப் பார்ப்பது என்னும் அதிகாரத்துக்கு வருவோம். 2000 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் நோமாட் என்ற நான்கு சக்கர ரோபோ அண்டார்க்டிகாவின் எலிஃபன்ட் மொரேன் பகுதியில் விடப்பட்டது. விண்கல் தேடுவது அதன் வேலை. இடத் தேர்வு பொருள் பொதிந்தது: 1979-இல் எடுக்கப்பட்ட ஈ.ஈ.டி.ஏ. 79001 என்ற விண்கல் இங்கேதான் கிடைத்தது. அதற்குள் அடைபட்டிருந்த வாயு, வைக்கிங் கலங்கள் அளந்த செவ்வாய்க் காற்றோடு ஒத்துப்போனதால், செவ்வாயின் கல் ஒன்று பூமியில் கிடக்கிறது என்ற முடிவுக்கு வலுவான ஆதாரம் கிடைத்தது. ஆனால் அங்கே பனியாறு இழுத்துவந்து போட்ட சாதாரணக் கற்களும் ஏராளம். நோமாட் பனிமேல் கறுப்பாகத் தெரியும் ஒன்றைத் தொலைவிலிருந்து கேமராவில் பிடிக்கும். பக்கத்தில் போய் நுணுக்கமாகப் படமெடுக்கும். பிறகு கையை நீட்டி நிறமாலைக் கருவியைக் கல்லின்மேல் வைக்கும். கருவி சற்று விலகினாலும் அளவீடு வீண். ஒவ்வோர் அளவீட்டுக்குப் பிறகும், இது விண்கல்லாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்ற நிகழ்தகவு திருத்தப்படும். எந்த ஒரு கருவியும் தனியாக உறுதி சொல்லிவிடாது. அரைகுறைச் சான்றுகளைச் சேர்த்து எடை போட வேண்டும். மேலும் செலவு பிடித்த அளவீட்டைச் செய்யத் தகுந்த கல்தானா இது என்றும் பார்க்க வேண்டும். அந்தப் பருவத்தில் அது ஐந்து விண்கற்களை இனங்கண்டது.

ஐந்து என்பது சிறிய எண்ணிக்கை என்று சொல்லலாம், சொன்னார்கள். 1976 முதல் அமெரிக்கக் குழுக்கள் பனியூர்திகளில் ஏறிப் போய், கண்ணால் பார்த்துப் பொறுக்கிய அண்டார்க்டிக விண்கற்கள் ஆயிரக்கணக்கானவை. பழகிய கண்ணுள்ள ஒருவர் ஒரு நல்ல நாளில் ஒரு ரோபோவைவிட எத்தனையோ மடங்கு சேகரித்துவிடுவார். விண்கல் சேகரிப்பதுதான் நோக்கமென்றால் நோமாட் தேவையில்லை என்பதை நான் மறுக்கவில்லை. பக்கத்திலேயே ஆட்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. தொடர்பு அறுந்த இடத்துக்கான ஒத்திகைதான் அது. ஆனால் அந்த ஒத்திகை காட்டிய ஒன்று புதியது. அதுவரை களத்தில் ஒரு மாதிரியைத் தேர்ந்து, இது அளக்கத் தக்கது, இது வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்வது அனுபவத்தின் வேலை, எழுத்தில் இறக்க முடியாத திறமை என்று கருதப்பட்டது. அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதியையாவது எண்ணாக்க முடியும் என்பதை அந்த ஐந்து கற்களும் காட்டின.

கடலில் இது ஒத்திகை இல்லை, அன்றாடத் தேவை. வானொலி அலை கடல்நீரில் சில மீட்டருக்கு மேல் ஊடுருவாது. ஒலியால் பேசலாம், ஆனால் ஒலி நீரில் விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர்தான் போகும், அது சுமந்து வரும் செய்தியும் மிகக் கொஞ்சம். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு படத்தை எடுத்து உடனே கப்பலுக்கு அனுப்புவது, வடம் இல்லாவிட்டால், நடக்கிற காரியம் இல்லை. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் டேனா யோர்கர், ஆல் பிராட்லி முதலானோர் கட்டிய ஏ.பி.ஈ. என்ற ரோபோ 1990-களின் நடுவிலிருந்து வடமில்லாமல் கடலடியில் வேலை செய்தது. கடலடி வெந்நீர் ஊற்றுகளைத் தேட அவர்கள் வகுத்த முறையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது தகும். ஊற்றிலிருந்து கிளம்பும் சூடான, தாதுக்கள் கலந்த நீர் சில நூறு மீட்டர் எழுந்து, சுற்றியுள்ள நீரின் அடர்த்தியோடு சமனாகிப் பக்கவாட்டில் பரவும். ரோபோ முதல் முழுக்கில் தரைக்கு 200 முதல் 400 மீட்டர் மேலே நேர்கோடுகளாகப் போய்வந்து, பரவிய நீரில் கலங்கலையும் வெப்பத்தையும் வேதிப் பொருள்களையும் அளந்து, எந்தப் பக்கம் சுவடு வலுக்கிறது என்று பார்க்கும். இரண்டாவது முழுக்கில் 50 மீட்டர் உயரத்துக்கு இறங்கி, தரையின் வரைபடத்தை எழுதிக்கொண்டே, மேலெழும் வெந்நீர்த் தூணைக் குறுக்கே வெட்டப் பார்க்கும். மூன்றாவதில் தரைக்கு ஐந்து மீட்டர் மேலே நின்று படமெடுக்கும். பரந்த பரப்பில் தொடங்கும் தேடல் ஒரு புகைபோக்கியின் வாயில் முடியும்.

தொடக்கத்தில் ஒவ்வொரு முழுக்குக்கும் இடையே ரோபோவைக் கப்பலில் ஏற்றி, தரவை மனிதர் பார்த்து, அடுத்த தடத்தை வரைந்து கொடுத்தார்கள். கப்பலின் ஒவ்வொரு நாளும் பெருஞ்செலவு. ஒரு முழுக்கு வீணானால் திரும்பக் கிடைக்காது. அதனால் பின்னாளில் ஒரு கூடுதல் உரிமையை ரோபோவிடமே கொடுத்தார்கள். வகுத்துத் தந்த கோடுகளை முடித்தபின் மின்கலத்தில் மிச்சம் இருந்தால், தான் சேர்த்த அளவீடுகளைத் தானே அலசி, அசாதாரணமாகத் தெரிந்த இடங்களைத் தொகுத்து, அவற்றில் நம்பிக்கை தருவதாகப் பட்ட இடங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். கப்பலில் இருந்தவர்களுக்கு ரோபோ மேலே வரும்வரை அது எங்கே திரும்பிப் போனது என்று தெரியாது. எதைப் பார்ப்பது என்னும் அதிகாரம் கைமாறிய இடங்களில் இதுவே எனக்கு முதன்மையாகப் படுகிறது, ஏனென்றால் இங்கே காட்டிக்கொள்ள எதுவுமில்லை. நாளைச் சேமிக்க வேண்டிய நெருக்கடிதான். ஏ.பி.ஈ. பங்கேற்ற தேடல்களில் நம் கடலையும் தொட்ட ஒன்று உண்டு. 2007-இல் சீனாவின் தாயாங் யீஹாவ் கப்பலிலிருந்து இறங்கி, தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் மேட்டுத்தொடரில், 2,700 மீட்டருக்கும் கீழே, இயங்கும் வெந்நீர் ஊற்றுப் புலத்தை அது படமெடுத்தது. மிக மெதுவாக விரியும் அந்தத் தொடரில் இயங்கும் ஊற்றை நேரில் உறுதிசெய்தது அதுவே முதல்முறை.

அதே 2007-இல் மெக்சிகோவின் தமௌலிபாஸ் மாநிலத்தில் இன்னொரு வகை நீர்நிலை. சகட்டோன் என்பது சுண்ணாம்புப் பாறை இடிந்து உண்டான செங்குத்துக் கிணறு. நீர் ஏறக்குறைய 30 பாகை வெதுவெதுப்பு, கந்தக நெடி. 1994 ஏப்ரலில் அதன் அடியைத் தொட முயன்ற ஷெக் எக்ஸ்லி என்ற புகழ்பெற்ற குகை முழுக்காளர் அங்கேயே உயிரிழந்தார். அன்று அவரோடு இறங்கிய ஜிம் போடன் 282 மீட்டர்வரை போய்த் திரும்பினார். அடி எங்கே என்று அப்போதும் தெரியவில்லை. பில் ஸ்டோன் தலைமையில் நாசாவின் நிதியில் கட்டப்பட்ட டெப்த்எக்ஸ் என்ற ரோபோ 2007 மே மாதம் அதற்குள் இறக்கப்பட்டது. வரைபடம் இல்லை, நீருக்குள் ஜி.பி.எஸ். வேலை செய்யாது. ஐம்பதுக்கும் மேற்பட்ட சோனார்க் கற்றைகள் எல்லாத் திசையிலும் சுவரைத் தொட்டுத் திரும்ப, அவற்றைக் கொண்டு அது கிணற்றின் முப்பரிமாண வரைபடத்தை எழுதியது. எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த வரைபடத்துக்குள் தான் எங்கே இருக்கிறோம் என்றும் கணித்தது. ஒன்று பிசகினால் மற்றதும் பிசகும்; இரண்டையும் சேர்த்துத் திருத்திக்கொண்டே போவதுதான் அந்த நுட்பத்தின் கடினம். 318 மீட்டர் ஆழத்தில் அடி தெரிந்தது. சுவரை நெருங்கி அது தானே எடுத்துவந்த மாதிரிகளில் அறிவியலுக்குப் புதிய நுண்ணுயிர்ப் பிரிவுகள் இருந்தன. ஒரு மனித உயிரைக் கேட்ட கேள்விக்கு எந்திரம் விடை கொண்டுவந்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. எக்ஸ்லியின் துணிவை அது எவ்விதத்திலும் குறைக்காது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். நோமாட்டுக்கு விண்கல் எப்படி இருக்கும் என்று கற்றுக்கொடுத்தது மனிதர். வெந்நீரின் சுவடு எது என்று ஏ.பி.ஈ.க்குச் சொன்னது மனிதர். டெப்த்எக்ஸ் கொண்டுவந்த சேற்றில் புதிய உயிர்ப் பிரிவு இருக்கிறது என்று ஆய்வகத்தில் மரபணு பார்த்துச் சொன்னதும் மனிதர். அப்படியிருக்க, எந்திரம் கண்டுபிடித்தது என்பது மிகையில்லையா? பொருளை விளங்கிக்கொண்டது எந்திரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கண்டுபிடிப்பை விளக்கத்தோடு மட்டும் அடையாளப்படுத்தினால் அறிவியல் வரலாற்றின் பாதி காணாமல் போகும். களத்துக்குப் போய், தலைவர் வகுத்த அளவுகோலின்படி எந்தச் செடியைப் பறிப்பது, எந்தக் கல்லை எடுப்பது என்று தீர்மானித்த சேகரிப்பாளர்களின் பெயர்கள் நெடுங்காலம் மறைக்கப்பட்டிருந்ததை இன்று குறையாகவே பார்க்கிறோம். அளவுகோல் வேறொருவருடையது என்பதால் அவர்களுடைய தேர்வு வெறும் கூலிவேலை ஆகிவிடாது. எந்திரத்துக்குப் பெருமை சேர்க்க இதைச் சொல்லவில்லை. பொறுப்பு எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: இருக்கும் சான்று எது, எடுக்காமல் விடப்பட்ட சான்று எது என்பதை அந்த இடத்தில் அந்தக் கணத்தில் தீர்மானித்தது மென்பொருள். அதன் விளைவு நம் அறிவில் நிரந்தரமாகப் பதிந்துவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடுமையானது. சொல்லிக்கொடுத்ததை மட்டுமே தேடும் எந்திரம் எதிர்பாராததைத் தவறவிடும்; ஆனால் பெரிய கண்டுபிடிப்புகள் எதிர்பாராமல் வந்தவை. செவ்வாயே இதற்குச் சாட்சி. ஸ்பிரிட்டின் வலது முன்சக்கரம் 2006 மார்ச்சில் சுழல மறுத்தது. அதன்பின் வண்டியைப் பின்னோக்கி ஓட்டினார்கள். உயிரற்ற சக்கரம் மண்ணைக் கீறிக்கொண்டே இழுபட்டது. 2007-இல் கூசெவ் பள்ளத்தில் ஹோம் பிளேட் என்ற மேட்டருகே அந்தக் கீறலில் வெள்ளை வெளேரென்று மண் தெரிந்தது. அளந்தபோது 90 விழுக்காட்டுக்கும் மேல் சிலிக்கா. வெந்நீரோ எரிமலை நீராவியோ வேலை செய்த இடத்தில்தான் அவ்வளவு தூய்மையாக அது சேரும். ஸ்பிரிட்டின் பயணம் முழுவதிலும் தலையாய கண்டுபிடிப்பு அது. ஒரு பழுதான சக்கரம் தந்தது. 2024 மே 30 அன்று கியூரியாசிட்டி வண்டி கேல் பள்ளத்தில் ஒரு கல்லின்மேல் ஏறி அதை நொறுக்க, உள்ளே மஞ்சள் படிகங்கள் தெரிந்தன. தூய கந்தகம், செவ்வாயில் அந்த வடிவில் அதுவரை யாரும் கண்டதில்லை. இந்த இரண்டையும் தேடு என்று எந்த மென்பொருளிலும் எழுதியிருக்கவில்லை.

இந்த மறுப்பின் பாதியை ஏற்கிறேன். மற்றப் பாதிக்கு விடை ஏஜிஸ் என்ற மென்பொருளின் அனுபவத்தில் இருக்கிறது. டாரா எஸ்ட்லின் தலைமையிலான நாசா குழு உருவாக்கிய அது, 2010-இல் ஆப்பர்சூனிட்டியில் முதன்முறையாகத் தானே ஒரு பாறையைத் தேர்ந்தது. 2016 முதல் கியூரியாசிட்டியின் லேசர்க் கருவிக்கு அன்றாடம் குறி வைக்கிறது. அன்றைய ஓட்டம் முடிந்து வண்டி புதிய இடத்தில் நிற்கும்போது, அந்த இடத்தின் படம் பூமிக்கு வந்து, மனிதர் பார்த்து, கட்டளை திரும்பும்வரை லேசர் சும்மா இருக்கும். அந்த நேரத்தைத்தான் ஏஜிஸ் எடுத்துக்கொண்டது. படத்தில் பாறைகளின் விளிம்புகளைப் பிரித்து, அளவு, வடிவம், பளபளப்பு கொண்டு வரிசைப்படுத்தி, முதலாவதைச் சுடும். 2017-இல் வெளியான கணக்கின்படி, குருட்டாம்போக்கில் குறிவைத்தால் விரும்பிய வகைப் பாறை 24 விழுக்காடு கிடைத்திருக்கும். ஏஜிஸ் வைத்த குறியில் 93 விழுக்காடு கிடைத்தது. நாளொன்றுக்குச் சராசரி லேசர்ச் சுடுதல் 256-இலிருந்து 327 ஆனது. இவை மனிதர் தேர்ந்த குறிகளைத் தள்ளிவிட்டு வந்தவை அல்ல, அவற்றுக்கு மேல் கூடுதலாக வந்தவை. தற்செயலைக் கவனிக்கும் கண் பூமியில் அப்படியே இருந்தது. அதன்முன் வரும் காட்சிகள்தான் பெருகின. ஆகவே செவ்வாயைப் பொறுத்தவரை, எந்திரம் தேர்வதால் எதிர்பாராதது அழியும் என்ற அச்சத்துக்கு இதுவரை ஆதாரமில்லை.

நான் ஏற்கும் பாதி வேறு இடத்தில் இருக்கிறது: எந்திரம் தேர்ந்ததை மட்டுமே நாம் பார்க்க முடியும் என்ற நிலை வரும்போது. அதன் சாயல் பூமியைச் சுற்றிய ஈ.ஓ.-1 என்ற செயற்கைக்கோளிலேயே தெரிந்தது. ஸ்டீவ் சியென் குழுவின் மென்பொருள் 2004-இல் அண்டார்க்டிகாவின் எரெபஸ் எரிமலையில் வெப்பத்தைக் கண்டு, பூமியைக் கேட்காமல் தன் பணித்திட்டத்தை மாற்றி, மறுபடி அதைப் படமெடுத்தது. அங்கே தூரம் தடையில்லை. எரிமலை மனிதருடைய அலுவல் நேரத்துக்குக் காத்திருக்காது என்பதுதான் தடை. அதே மென்பொருளால், பயனற்றதாகத் தோன்றும் தரவை அனுப்பாமல் விடவும் முடியும். தரைநிலையங்கள் சூழ்ந்த பூமியில் அந்த இழப்பு சிறிது.

எந்திரம் தொலைந்துபோகும் என்ற மறுப்பையும் தாண்டிப் போக முடியாது. பிரிட்டனின் ஆட்டோசப்-2 என்ற நீர்மூழ்கி ரோபோ 2005 பிப்ரவரியில் ஃபிம்புல் பனித்தட்டுக்கு அடியில் சிக்கித் திரும்பவேயில்லை. ஏ.பி.ஈ. 2010 மார்ச் 5 அன்று சிலி கடலில் தன் 222-ஆவது முழுக்கில் தொலைந்தது. இந்த இழப்புகளுக்குப் பின்னும் அந்த ஆய்வு நிறுவனங்கள் பின்வாங்கவில்லை. அதற்கான நியாயம் 2009 ஜனவரியிலேயே பைன் ஐலண்ட் பனியாற்றுக்கு அடியில் கிடைத்திருந்தது. ஆட்டோசப்-3 அங்கே ஆறு முறை போய்வந்து, பனிக்கூரைக்கும் கடல்தரைக்கும் இடையே நுழைந்து, தரையில் 300 மீட்டர் உயர மேடு ஒன்று இருப்பதை அளந்தது. பனியாறு ஒரு காலத்தில் அந்த மேட்டின்மேல் ஊன்றி நின்றிருந்தது. பிடி விலகியபின் வெதுவெதுப்பான கடல்நீர் உள்ளே புகுந்து அடியிலிருந்து உருக்குகிறது. கடல்மட்டம் எவ்வளவு உயரும் என்று கணிப்பவர்களுக்கு அந்த மேட்டின் உயரம் இன்றியமையாத எண். மேலேயிருந்து எந்தச் செயற்கைக்கோளாலும் அதை இப்படி நேரில் அளந்திருக்க முடியாது.

இப்போது பெர்சிவரன்ஸின் பிக்சல் என்ற எக்ஸ்-கதிர்க் கருவி, அஞ்சல்தலை அளவுள்ள பாறைப்பரப்பைப் புள்ளி புள்ளியாக வருடும்போதே தாதுக்களை இனங்கண்டு, எந்தப் புள்ளியில் கூடுதல் நேரம் நிற்பது என்று தானே தேர்கிறது. அடுத்துப் போக விரும்பும் இடம் வியாழனின் நிலவான யூரோப்பா. 2016-இல் நாசாவுக்காக ஒரு குழு வகுத்த தரையிறங்கு கலத் திட்டத்தில் மின்கலம் தரும் ஆயுள் 20 நாள் அளவே. யூரோப்பா மூன்றரை நாளுக்கொரு முறை சுழல்வதால், அதன் தரையில் பெரும்பாலான இடங்களில் பூமி தொடர்ந்து ஏறக்குறைய 42 மணி நேரம் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்; தெரியும்போதும் ஒரு கேள்வி போய் விடை வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அங்கே எதைத் தோண்டுவது, எதைச் சோதிப்பது என்பதில் பெரும்பகுதியைக் கலமே தீர்மானிக்க வேண்டியிருக்கும். ஸ்பிரிட்டின் வெள்ளை மண்ணைக் கண்ட மனிதக் கண்ணுக்கு அங்கே முழுப் படத்தொகுப்பும் கிடைக்காது. ஆகவே அந்தக் கலத்திடம் ஒன்றைக் கேட்டுப் பெற வேண்டும் என்று கருதுகிறேன். தேர்ந்ததோடு சேர்த்து, தள்ளிவிட்டவற்றின் சிறு படங்களையும், ஒவ்வொன்றுக்கும் தான் போட்ட மதிப்பெண்ணையும் அது அனுப்ப வேண்டும். தன் பட்டியலில் கடைசியில் நிற்கும் சிலவற்றையும் குலுக்கலில் எடுத்துச் சோதிக்க வேண்டும். இதற்கு ஆகும் அலைவரிசையும் மின்சாரமும் முதன்மைச் சோதனைகளிலிருந்துதான் பிடிக்கப்படும் என்பதால் கருவிக் குழுக்கள் எதிர்க்கும். 20 நாள் ஆயுளில் அந்தப் பங்கு எவ்வளவு என்பதைக் கலத்தின் எடையும் மின்கலமும் முடிவாகும் கட்டத்திலேயே எழுதிவைத்தாக வேண்டும். ஏவிய பிறகு அதற்கு இடமிராது.